மற்றும் பலர்

நான் படித்த உயர்நிலைப் பள்ளிக்கு நூறு வயது ஆகிவிட்டதாம். மலர் போட்டிருக்கிறார்கள். வழவழ தாள், கலர் அட்டை, அமைச்சர் வாழ்த்து எல்லாம் இருக்கிறது. பள்ளியின் பேரை இங்கே எழுதப் போவதில்லை. வட ஆற்காட்டில், பாலாற்றங்கரையில், தோல் ஷாப்புகள் இருக்கிற ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் போதும். பேரன் எங்கிருந்தோ வாங்கிவந்து "தாத்தா, உங்க ஸ்கூலு" என்று மடியில் போட்டான். அன்றைக்கு ராத்திரியே முழுசும் படித்துவிட்டேன்.

நான் இங்கே பேச எடுத்துக்கொள்வது மலரில் உள்ள ஒரே ஒரு கட்டுரையை. 1955க்கும் 1965க்கும் நடுவே பள்ளியில் இருந்த கைத்தொழில், ஓவிய, விருப்பப் பாட வகுப்புகளைப் பற்றிய நினைவுக் கட்டுரை அது. எழுதியவர் ஓய்வுபெற்ற பொறியாளர், எனக்கு இரண்டு வருஷம் மூத்தவர். நன்றாகவே எழுதியிருக்கிறார், அதை மறைக்க வேண்டியதில்லை. தக்ளியைத் தொடையில் உருட்டிவிட்டதும் நூல் அறுந்து ஓடுவது, இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாக மரத்தூள் விழுகிற வாசனை, மாடி அறையிலிருந்து வருகிற டைப்ரைட்டர் சத்தம், பூசணிக்காயை மேசைமேல் வைத்துவிட்டு "பார்த்துப் போடுங்கடா" என்று சொல்லிப் பொடி போடப் போய்விடுகிற ட்ராயிங் மாஸ்டர். அந்தக் காலத்தில் கைக்கும் படிப்பு இருந்தது, இன்றைக்குப் பிள்ளைகளுக்கு மார்க் மட்டுந்தான் என்று வருத்தப்பட்டு முடிக்கிறார். படிக்கிறவனுக்கு ஏக்கம் வருகிறது. எனக்கே வந்தது, ஒரு அரைப் பக்கம் வரைக்கும்.

அப்புறம் அந்தப் படம். 1962இல் எடுத்தது. விவசாயப் பிரிவு மாணவர்கள். நடுவில் நாற்காலியில் ஆசிரியர். அவருக்கு இரண்டு பக்கமும் மடியில் நோட்டுப் புத்தகத்தோடு ஆறு பேர். பின்னால் மண்வெட்டியும் கூடையுமாக எட்டுப் பேர் நிற்கிறோம். கீழே ஆசிரியர் பேரும் ஆறு பேர் பேரும் இனிஷியலோடு போட்டு, கடைசியில் 'மற்றும் பலர்' என்று முடித்திருக்கிறார்கள். பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவது ஆள் நான். எட்டுப் பேரும் சேரி.

பேர் போடாததற்கு எனக்கு அவர்கள்மேல் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. ஆனால் கேள்வி அது இல்லை. கையைப் பற்றி இவ்வளவு உருக்கமாக ஒரு கட்டுரை எழுதிவிட்டு, கையில் மண்வெட்டி பிடித்தவனை மட்டும் எப்படி அடையாளம் தெரியாமல் போகிறது? இதைக் கட்டுரை எழுதியவரின் ஞாபகமறதி என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. அந்த வகுப்புகள் எந்த யோசனையில் உருவாக்கப்பட்டனவோ அந்த யோசனையிலேயே இது இருந்தது என்று நினைக்கிறேன்.

இளைய தோழர்களுக்கு அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் சொல்லவேண்டும். அப்போது பிளஸ் டூ கிடையாது, அது 1978இல் வந்தது. பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. ஆறு, ஏழு, எட்டில் எல்லாருக்கும் ஒரு கைத்தொழிலும் ஓவியமும் உண்டு. எங்கள் பள்ளியில் நூற்பும் தச்சும். ஒன்பதாவதில் (வாத்தியார்கள் நாலாம் பாரம் என்றே சொல்வார்கள்) பாதை பிரியும். ஒரு பக்கம் வெறும் படிப்பு. இன்னொரு பக்கம் 'பைஃபர்கேட்டட் கோர்ஸ்' என்று பேர். செக்ரடேரியல், எஞ்சினியரிங், விவசாயம், நெசவு, மனையியல், ஓவியம் என்று பல இருந்தாலும் ஒரு பள்ளியில் ஒன்றோ இரண்டோதான் நடக்கும். எங்களுக்கு இருந்தவை செக்ரடேரியல், விவசாயம். டைப்பும் சுருக்கெழுத்தும் கணக்கு எழுதுவதும் ஒரு பக்கம், ஏர் ஒரு பக்கம். இதற்குப் பேர் விருப்பப் பாடம்.

இந்தியா முழுவதற்கும் இந்த மாதிரிப் பிரிவுகளைச் சொன்னது 1953இல் வந்த இடைநிலைக் கல்விக் குழுவின் அறிக்கை. தலைவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார். மானுடவியல், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், விவசாயம், நுண்கலை, மனையியல் என்று ஏழு பிரிவு வகுத்தார்கள். எந்தப் பிரிவில் படித்தாலும் ஒரு கைத்தொழில் கட்டாயம் என்றும் சொன்னார்கள். இந்த அறிக்கையை நான் பத்து வருஷம் முன்னால்தான் படித்தேன். படிப்பில் ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு முட்டுவதை அது கண்டிக்கிறது. அந்தக் கண்டனத்தோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. நம்மில் சில தோழர்கள் இந்த மாதிரி அறிக்கை என்றாலே பார்ப்பனியச் சதி என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அப்படி முடித்தால் நமக்கு வேலை மிச்சம், அவ்வளவுதான். படித்துப் பார்த்தால் வேறு ஒன்று கண்ணில் படுகிறது.

ஒவ்வொரு எழுத்துக்கும் மனசில் ஒரு வாசகன் இருப்பான் என்று சொல்வோம் இல்லையா, அதுபோல ஒவ்வொரு பாடத்திட்டத்துக்கும் மனசில் ஒரு மாணவன் இருக்கிறான். இந்த அறிக்கையின் மாணவன் யார்? உடலுழைப்பை மதிக்க அவனுக்குக் கற்றுத்தர வேண்டும் என்பது அதில் திரும்பத் திரும்ப வருகிற கவலை. அதாவது அவன் உழைப்பை மதிக்காத வீட்டில் பிறந்தவன். மண்ணைத் தொட்டால் கை கழுவுகிறவன். அவனைக் கொஞ்சம் மண்ணில் இறக்கிவிட்டால் மனசு திருந்தும் என்று அந்தப் பெரியவர்கள் நம்பினார்கள். நல்ல நம்பிக்கைதான். ஆனால் விடியற்காலையில் களத்துமேட்டில் நெல்லு தூற்றிவிட்டு, அந்தச் சுணை உடம்போடு பள்ளிக்கூடத்துக்கு வருகிற பிள்ளை அந்தக் கணக்கில் எங்கே இருக்கிறான்? அவனுக்கு உழைப்பின் கண்ணியத்தைச் சொல்லித்தருவதற்கு என்ன இருக்கிறது? அவனைப் பற்றி யோசிக்காததால், அவன் வந்து நின்றபோது அவனை என்ன செய்வது என்று பள்ளிக்கூடத்துக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் செய்தது. கையில் மண்வெட்டியைக் கொடுத்தது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எட்டாவது முடித்து ஒன்பதாவதுக்குப் பிரிக்கிற நாள். நான் செக்ரடேரியல் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த டைப்ரைட்டர் சத்தத்துக்கு மயங்கினதுதான் காரணம், பெரிய லட்சியமெல்லாம் இல்லை. பிரிக்கிற வாத்தியார் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மெஷினு எட்டுதான்டா இருக்கு. ஆபீஸ் வேலைக்கு ஆகுற பசங்களுக்கு அது. ஒனக்கு மண்ணு வேல பழக்கம். வெவசாயம் எடு, நல்லா மார்க் வாங்குவ."

தோளில் கை வைத்துத்தான் சொன்னார். எங்கள் தெருப் பிள்ளைகளின் தோளில் கை வைக்கிற வாத்தியார்கள் அன்றைக்கு அதிகம் இல்லை. சாதிப் பேரைச் சொல்லித் திட்டினவர்களின் முகம் எனக்கு மறந்துவிட்டது. இவர் முகம் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். நைனா தோல் ஷாப்பிலிருந்து அப்போதுதான் வந்து தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா குரூப்பு குட்த்தாங்க?"

"வெவசாயம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. சுண்ணாம்பு தின்று வெளுத்த விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "எங்கப்பன் பண்ணையில சேத்துல நின்னான். நான் சேத்துலருந்து கால எடுத்துச் சுண்ணாம்புக் குழியில வெச்சேன். நாத்தம் புடிச்ச வேலதான், ஆனா வாரக் கடைசியில காசு கையில வருது, எவனும் வூட்டு வாசல்ல வந்து கூப்புட்றதில்ல. நீ திரும்பிச் சேத்துக்கே போறதுக்கு இஸ்கூலு எதுக்குடா?"

எங்கள் பக்கத்தில் தோல் ஷாப்பு என்பது வெறும் இழிதொழில் இல்லை. பண்ணையாளாகக் கட்டுண்டு கிடந்த குடும்பங்கள் தப்பித்து வந்த இடமும் அதுதான். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை சேரிகளில் கேட்டால் இந்தக் கதை வீட்டுக்கு வீடு கிடைக்கும். பள்ளிக்கூடத்துக்கு இந்தச் சரித்திரம் தெரியாது. சேரிப் பையன் என்றால் மண்ணு, அவ்வளவுதான்.

இனி அந்த வகுப்பு. வாரத்தில் சில நாள் மத்தியானத்துக்கு மேல் தோட்டம். பதினாலு பேரில் எட்டுப் பேர் நாங்கள், மற்ற ஆறு பேர் ஊர்ப் பிள்ளைகள். நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள், அவர்களுக்கும் வேறு பிரிவில் இடம் கிடைக்காமல் வந்தவர்கள்தான். பாத்தி கட்டுவது, எருக்குழியில் சருகும் சாணியும் மாற்றி மாற்றிப் போட்டு மிதிப்பது, தண்ணி சேந்துவது எல்லாம் எட்டுப் பேர் வேலை. பாத்தியின் நீளம் அகலம் அளப்பது, இத்தனை விதை போட்டதில் இத்தனை முளைத்தது என்று எண்ணி எழுதுவது ஆறு பேர் வேலை. இப்படிச் செய்யுங்கள் என்று யாரும் ஆணை போடவில்லை. முதல் நாள் மண்வெட்டி யார் கையில் போனதோ அப்படியே மூணு வருஷமும் போனது.

செய்முறைக்கு மார்க் எதைப் பார்த்துப் போடுவார்கள்? ரெக்கார்டு நோட்டைப் பார்த்து. பாத்தியைப் பார்த்து இல்லை. எழுதுவதற்கு நேரம் அந்த இரண்டு பீரியடுதான். அந்த நேரத்தில் எங்கள் கையில் சாணி. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்றால், சேரிக்குள் போய் வந்த நோட்டை அவர்கள் வீட்டில் சேர்க்க மாட்டார்கள். கடைசியில் என் ரெக்கார்டு முக்கால்வாசி காலி. 'முழுமையில்லை' என்று சிவப்பு மையில் எழுதி, மார்க்கைக் குறைத்தார்கள்.

ஒரு நாள் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கு முழுசும் விளங்கும். கேழ்வரகு நாற்று விட்டிருந்தோம். எப்போது பிடுங்குவது என்று ஆசிரியருக்குச் சந்தேகம். அவர் விவசாயம் படித்தவர், செய்தவர் இல்லை. என்னைக் கூப்பிட்டு "உங்க தாத்தாவ கேட்டுக்கிட்டு வாடா" என்றார். தாத்தா திண்ணையில் படுத்தபடியே சொன்னது: "நாலு எல வுட்டு அஞ்சாவது எட்டிப் பாக்கறப்ப புடுங்கு. முந்தினா சாவும், பிந்தினா தூரு கட்டாது." மறுநாள் அதை அப்படியே ஒப்பித்தேன். ஆசிரியர் அதைப் புத்தகத் தமிழில் மாற்றிச் சொல்ல, ஆறு நோட்டிலும் ஏறியது: நாற்றின் வயது 18 முதல் 20 நாட்கள். தாத்தா சொன்ன காரணம், அந்த முந்தினா பிந்தினா, எந்த நோட்டிலும் ஏறவில்லை. நான் அப்போது நாற்றங்காலுக்குத் தண்ணி சேந்திக்கொண்டிருந்தேன்.

அறிவு நம்மகிட்ட இருந்தது, மார்க் அவர்களுக்குப் போனது என்று இதைச் சொல்லி முடிக்கலாம். மேடையில் கைதட்டலும் விழும். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. தாத்தாவுக்குத் தெரிந்தது தாத்தாவோடு போய்விட்டது. அதை எழுதி வைக்கிற பழக்கத்தைப் பள்ளிக்கூடந்தான் எனக்குக் கொடுத்திருக்க வேண்டும், ரெக்கார்டு நோட்டு அதற்கான கருவிதான். எழுதத் தெரிந்த கையும் செய்யத் தெரிந்த கையும் ஒரே உடம்பில் இருப்பதற்கு அந்த வகுப்பில் வாய்ப்பு இருந்தது. அதைத்தான் பிடுங்கிக்கொண்டார்கள்.

இப்போது அறிக்கையின் கைத்தொழில் பட்டியலுக்கு வருகிறேன். நூற்பும் நெசவும், மரவேலை, உலோக வேலை, தோட்டவேலை, தையல், அச்சுக்கோப்பு, பட்டறைப் பயிற்சி, பூவேலை, உருவம் செய்தல். தேவைக்கேற்ப இன்னும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு அடைப்புக்குறியும் உண்டு. இந்தப் பட்டியலை எத்தனையோ பேர் படித்திருப்பார்கள். ஒரு தோல் ஷாப்புக்காரன் மகன் படித்தால் கண் எங்கே போய் நிற்கும்? தோல் இல்லை.

முன்னால் இருந்திருக்கிறது. காந்தியின் வார்தாத் திட்டத்துக்காக 1937இல் ஜாகிர் உசேன் குழு சொன்ன அடிப்படைக் கைத்தொழில்களில் நூற்பு, தச்சு, விவசாயத்தோடு தோல்வேலையும் இருந்தது. காந்தியோடு நமக்கு ஆயிரம் கணக்கு பாக்கி இருக்கிறது, இருந்தாலும் இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. பதினாறு வருஷம் கழித்து உயர்நிலைப் பள்ளிக்குப் பட்டியல் போடும்போது அது எப்படியோ உதிர்ந்துவிட்டது. தோல் பிரயோஜனமில்லாத தொழிலாகிவிட்டதால் உதிர்ந்ததா? 1948இல்தான் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார்கள். மேலே ஆராய்ச்சிக்கூடத்தில் அது விஞ்ஞானம், ஏற்றுமதி, அன்னியச் செலாவணி. கீழே குழியில் அது நாத்தம். நடுவில் பள்ளிக்கூடம் இருக்கிறது. குழியிலிருந்து ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஏறுகிற படி அங்கேதான் இருந்திருக்க வேண்டும், அந்தப் படியை யாரும் கட்டவில்லை.

நைனாவுக்குத் தெரிந்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். தோல் பட்டைத் தண்ணியில் எத்தனை நாள் ஊறணும் என்று அவர் நாளை எண்ணிச் சொல்லமாட்டார். ஓரத்தில் கத்தியால் லேசாகச் சீவிப் பார்ப்பார். நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் பட்டை இன்னும் இறங்கவில்லை. மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரே நிறம் வந்துவிட்டால் எடுத்துவிடலாம். ஆவாரம்பட்டை போய் வாட்டில்பட்டை வந்தபோது எவ்வளவு மாற்றணும் என்பதையும் கையாலேயே கண்டுபிடித்தார்கள். இது ரசாயனம். எங்கள் பள்ளியில் ரசாயனம் நடத்திய வாத்தியார் அந்த ஷாப்பு வாசலைத் தாண்டும்போது மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சைக்கிள் மிதிப்பார்.

தோல் வகுப்பு ஒன்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எங்கள் பிள்ளைகளைத்தான் அதில் தள்ளியிருப்பார்கள் என்று ஒரு தோழர் சொன்னார். உண்மைதான், அப்படியே நடந்திருக்கும். ஆனாலும் கேட்கிறேன்: ஊர்ப் பிள்ளை ஒருத்தன், விருப்பப் பாடமாக, மூணு வருஷம், தோலைத் தொட்டு, சதை சீவி, ரெக்கார்டு எழுதி மார்க் வாங்க வேண்டும் என்று ஒரு சட்டம் அந்த அறிக்கையில் இருந்திருந்தால்? உழைப்பின் கண்ணியம் என்று அவர்கள் சொன்னதற்கு அதைவிடப் பொருத்தமான வகுப்பு எது? நூற்பைச் சொல்லித் தருவது சுலபம், நூல் யாரையும் தீட்டாக்காது. தெலுங்கில் இருந்து வந்த சிந்தனையாளர் காஞ்சா அய்லய்யா 2007இல் குழந்தைகளுக்காக உழைப்பின் கண்ணியத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தில் தோலுக்கும் ஒரு இடம் கொடுத்திருக்கிறார். கோண்டு ஓவியர் துர்காபாய் வ்யாம் படம் வரைந்திருக்கிறார். அரசாங்கத்தின் பெரிய குழு விட்டதை ஒரு சின்னப் பதிப்பகத்தின் புத்தகம் செய்திருக்கிறது.

இசையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நுண்கலைப் பிரிவில் இசை, நடனம் என்று எழுதியிருக்கிறது. பக்கத்துப் பெண்கள் பள்ளியில் நடந்த இசை என்பது கர்நாடக சங்கீதம். ஆண்டு விழாவுக்கு அமைச்சர் வந்தபோது கேட்டுக்கு வெளியே எங்கள் பெரியப்பாவும் மற்றவர்களும் பறை அடித்தார்கள். கார் உள்ளே போனதும் நிறுத்தச் சொன்னார்கள், உள்ளே கடவுள் வாழ்த்து ஆரம்பமாகிவிட்டது. கே.ஏ. குணசேகரன் மாதிரி ஒருவர் நாட்டுப்புற இசையை மேடைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கொண்டுபோக இன்னும் பல வருஷம் ஆக வேண்டியிருந்தது.

ட்ராயிங் மாஸ்டரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மலர்க்கட்டுரை அவரைப் பொடி போடுகிற வேடிக்கை மனுஷனாகக் காட்டுகிறது. எனக்கு அவர் வேறு ஆள். பூசணிக்காயை நான் போட்டதைப் பார்த்துவிட்டு, கவர்ன்மெண்ட் டெக்னிக்கல் பரீட்சையில் ஃப்ரீஹேண்ட் லோயர் எழுது என்று சொல்லி, பீஸைத் தன் கையிலிருந்து கட்டினார். பாஸ் செய்தேன். ஹையர் எழுத நான்தான் போகவில்லை, வெள்ளாமைக் காலம். அவர் என்ன சாதி என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. அந்த ஊரில் ஒரு மனுஷனின் சாதி மூணு வருஷம் தெரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று சேரியில் பிறந்தவர்களுக்குத்தான் புரியும். பொது ஏக்கத்தில் நான் பங்கு கேட்கிற ஒரே இடம் அந்த ஓவிய அறை. கலர் டப்பா நடுவில் ஒன்றுதான், எல்லாரும் அதில்தான் தூரிகையைத் தோய்க்க வேண்டும். வேறு எந்த வகுப்பிலும் என் கையும் அவர்கள் கையும் ஒரே பாத்திரத்துக்குள் போனதில்லை.

விருப்பப் பாடத்தில் விருப்பம் யாருடையது என்ற கேள்வி நம்முடைய எழுத்தில் ரொம்பப் பழையது. பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் அம்பேத்கர் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார், விடவில்லை, பாரசீகம் எடுத்தார். ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூதன்' 1997இல் வந்தது. உத்தரப் பிரதேசத்துப் பர்லா கல்லூரியில் ரசாயன ஆசிரியர் ஏதாவது சாக்கு சொல்லி அவரை ஆய்வுக்கூடத்துக்குள் விடாமல் வைத்து, செய்முறைத் தேர்வில் மார்க் இல்லாமல் பண்ணி, பன்னிரண்டாம் வகுப்பில் தோற்க வைத்ததை எழுதியிருக்கிறார். அதே புத்தகத்தில் தலைமையாசிரியர் சின்ன வயசில் அவரைத் துடைப்பம் கொடுத்து மைதானம் பெருக்க வைத்ததும் இருக்கிறது. நம்ம விமர்சகர்கள் எல்லாரும் துடைப்பத்தையே பேசினார்கள். ஆய்வுக்கூடத்தை அவ்வளவாகப் பேசவில்லை. எனக்கு இரண்டும் ஒரே காட்சியாகப் படுகிறது. துடைப்பத்தைக் கையில் கொடுக்கிற பள்ளிக்கூடந்தான் சோதனைக்குழாயைக் கையில் கொடுக்க மறுக்கிறது. பின்னால் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து வரைவாளர் பயிற்சி பெற்ற பிறகுதான் அவர் கைக்கு அளவுகோலும் பென்சிலும் கிடைத்தன.

முதலியார் குழுவில் வெளிநாட்டார் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் அட்லாண்டாவிலிருந்து வந்த அமெரிக்கர். அவர் ஊரில் அன்றைக்குக் கறுப்புப் பிள்ளைக்கும் வெள்ளைப் பிள்ளைக்கும் தனித்தனிப் பள்ளிக்கூடம். அது சட்டவிரோதம் என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் சொன்னது 1954இல். கறுப்பருக்குக் கைத்தொழில் படிப்புப் போதுமா, முழுக் கல்வி வேண்டுமா என்று புக்கர் டி. வாஷிங்டனோடு டூ பாய்ஸ் வாதாடியது 1903. அந்த வாதத்தில் பாதியாவது இங்கே வந்து சேர்ந்திருக்கலாம்.

நம்ம பக்கத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பள்ளியில் கைத்தொழில் என்று பேச்செடுத்தாலே நாம் குலக்கல்வி என்கிறோம். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு. பள்ளியில் மூணு மணி நேரம், மிச்ச நேரம் அப்பன் தொழில். பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்துப் போராடினார்கள், 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அந்தப் போராட்டம் நடக்காமல் இருந்திருந்தால் நான் ஒன்பதாம் வகுப்பையே பார்த்திருக்க மாட்டேன். ஆனால் உயர்நிலைப் பள்ளியின் கைத்தொழில் வகுப்பு சொன்னது அதற்கு நேர்மாறானது. அப்பன் தொழில் இல்லாத ஒன்றைக் கற்றுக்கொள் என்று சொன்னது. தச்சன் மகன் டைப் அடிக்கலாம், கணக்குப்பிள்ளை மகன் தறி நெய்யலாம். அந்தச் சொல்லை நாம் உரிமையாகப் பிடித்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. திட்டம் ஒழிந்தது என்று திருப்திப்பட்டோம். பிரிக்கிற வாத்தியாரின் மேசையில் அது தினமும் நடந்துகொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. நம்முடைய தன்வரலாறுகளிலும் தனிப்பானை வருகிறது, பெருக்கியது வருகிறது, கைத்தொழில் வகுப்பைப் பற்றி நீட்டி எழுதிய ஒரு அத்தியாயத்தை நான் இன்னும் படிக்கவில்லை.

2023இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள் இருக்கின்றன. குடும்பத் தொழிலாகச் செய்துவருகிறவர்களுக்கான திட்டம் அது, அதனாலேயே 2024இல் தமிழ்நாடு அரசு ஏற்க மறுத்தது. அந்தப் பட்டியலில் செருப்புத் தைக்கிறவர் மறக்காமல் இருக்கிறார். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று சொன்ன 1953 பட்டியலில் தோல் இல்லை, அப்பன் தொழிலைச் செய் என்கிற பட்டியலில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லி என் பேரனிடம் கொடுத்திருக்கிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, நைனா கொடுத்த காசில் டவுன் இன்ஸ்டிட்யூட்டில் டைப் படித்தேன். லோயர் பாஸ் பண்ணி, இளநிலை உதவியாளராக வேலைக்குச் சேர்ந்து, முப்பத்தைந்து வருஷம் அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே இருந்தேன். மூணு வருஷம் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டியதை வெளியில் காசு கொடுத்து வாங்கினேன். படத்தில் என்னோடு நிற்கிற மற்ற ஏழு பேரில் நாலு பேர் தோல் ஷாப்புக்குப் போனார்கள். ஒருத்தன் ரயில்வேயில் கேங்மேன். ஒருத்தன் பதினோராவது முடிக்கவில்லை.

போன மாசம் மலர்க் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். படத்தின் பின்வரிசை, இடமிருந்து வலம், பேர், தகப்பன் பேர், தெரு. அடுத்த பதிப்பு போட்டால் பார்க்கலாம் என்று ஒருவர் போனில் மரியாதையாகவே சொன்னார். ஏழு பேர்தான் எழுத முடிந்தது. வலது ஓரத்தில், கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே நிற்கிறவனை எல்லாரும் குள்ளன் என்றுதான் கூப்பிடுவோம். வருகைப் பதிவேட்டில் அவனுக்கு என்ன பேர் இருந்தது என்று தெருவில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.